எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரில் எந்தக் கடைத்தொகுதிக்குள் நுழைந்தாலும் ஒரு மருந்துக் கடை இருக்கும். அதில் ஓர் அலமாரி முழுவதும் புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புட்டிகளாக இருக்கும். முன்பு செரிமானத்துக்கென்று விற்றவை இப்போது ‘பெண்களுக்கென்றே’ என்று இளஞ்சிவப்பு அட்டையில் தனி வரிசையாக வருகின்றன. விலை நாற்பது வெள்ளியைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. வாங்குகிறவர்களில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்த ஒருவரிடம், “குடல் நுண்ணுயிர்களைச் சரிசெய்தால் வலி குறையும்” என்று யாராவது சொன்னால், முயன்று பார்க்கலாமே என்றுதான் தோன்றும். அந்தப் பேச்சில் அறிவியல் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தொடர்பு இருப்பதற்கு நல்ல தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதை வைத்து ஒரு மருந்து செய்யும் கட்டம் இன்னும் வரவில்லை.

நோய் என்ன செய்கிறது?

கருப்பையின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அதே வகைத் திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில், கருக்குழாயில், இடுப்புக்குழியை மூடியிருக்கும் சவ்வில், சிலருக்குக் குடலின் மேலும் சிறுநீர்ப்பையின் மேலும் அது ஒட்டி வளர்கிறது. கருப்பைப் படலத்தைப் போலவே இதுவும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. இதிலிருந்தும் இரத்தம் கசியும். கசிந்தது வெளியேற வழி இல்லாததால் சுற்றுப்புறம் அழற்சியுறுகிறது, தழும்பு படிகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிப் பழுப்பு நிறக் கட்டியாக மாறினால் அதை ‘சாக்லேட் கட்டி’ என்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரியவருவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகிவிடுவதாகவும் அந்நிறுவனம் சொல்கிறது. ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “எங்கள் காலத்திலும் இப்படித்தான் வலித்தது, பொறுத்துக்கொண்டோம்” என்று அம்மா சொல்வார். “கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும்” என்று அத்தை சொல்வார். இரண்டையும் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டும் தவறு. கர்ப்பம் இந்த நோய்க்குச் சிகிச்சை அல்ல. நோயைக் குணப்படுத்துவதற்காகக் கருத்தரிக்கும்படி பெண்களுக்கு ஆலோசனை கூறக்கூடாது என்றே ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2022ல் எழுதிவைத்திருக்கிறது.

இன்னொரு காரணம், அறிகுறிகள் வயிற்றுக் கோளாறு வேடம் போட்டுக்கொண்டு வருவது. வயிறு உப்பும், மலம் கழிக்கும்போது வலிக்கும், சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றுப்போக்கு. குடல் எரிச்சல் நோய் என்று பெயரிட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே பலருக்கு ஆண்டுகள் போய்விடுகின்றன.

இந்தத் திசு கருப்பைக்கு வெளியே எப்படிப் போனது என்பதற்கு அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களில் ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று இடுப்புக்குழியில் விழுகிறது. அதிலுள்ள செல்கள் அங்கே வேரூன்றுகின்றன என்றார் அவர். விளக்கம் இன்றும் நிற்கிறது, ஒரு பெரிய கேள்வியோடு. பின்னோக்கிய ஒழுக்கு மாதவிடாய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு, சில ஆய்வுகளின்படி 90 விழுக்காட்டினருக்கு, நடக்கிறது. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. மற்றவர்களுடைய உடல் அந்தச் செல்களைத் துடைத்து அகற்றிவிடும்போது, சிலருடைய உடலில் மட்டும் அவை ஏன் தங்கிவிடுகின்றன? மரபணுக்கள் பாதிக் கதையைச் சொல்கின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் இன்னொரு பகுதியைச் சொல்கிறது. நுண்ணுயிர்கள் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகின்றன.

உள்ளே குடியிருப்பவர்கள்

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மனிதச் செல்களைப்போல் பத்து மடங்கு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2016ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் அது சரிந்தது. சராசரி மனிதரிடம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் இருக்கின்றன, ஏறத்தாழ சரிபாதி. அத்தனை பாக்டீரியாக்களையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம்தான் தேறும். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. தோல், வாய், பிறப்புறுப்பு ஆகிய ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கூட்டம் உண்டு. இந்தக் கூட்டத்தையும் அதன் மரபணுக்களையும் சேர்த்துத்தான் மைக்ரோபயோம் என்கிறார்கள்.

இவை சும்மா குடியிருப்பதில்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். எதைத் தாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பழக்கியும் வைக்கின்றன.

எண்டோமெட்ரியோசிஸோடு இவற்றைச் சேர்க்கும் பாதைகளில் முதலாவது ஈஸ்ட்ரோஜன் பாதை. பயன்படுத்தி முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. ‘வெளியே போ’ என்று முத்திரை குத்தி அனுப்பிய மாதிரி. ஆனால் குடல் பாக்டீரியாக்களில் சில, பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதியால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் குடல் சுவர் வழியாக மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. இந்த வேலையைச் செய்யக்கூடிய பாக்டீரிய மரபணுக்களின் தொகுப்புக்கு 2011ல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஈஸ்ட்ரோபோலோம்’ என்று பெயர் வைத்தார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் ஒரு நோய்க்கு இது பொருந்தும் விளக்கம்தான். கேட்பதற்கு இவ்வளவு கச்சிதமாக இருப்பதால்தானோ என்னவோ, விளம்பரங்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இந்தச் சுழற்சி ஒரு பெண்ணின் நோயை எந்த அளவுக்குக் கூட்டுகிறது என்பதை அளந்து சொல்லும் மருத்துவப் பரிசோதனை ஏதும் வழக்கத்தில் இல்லை. அதை அளந்து தருவதாகச் சொல்லி மலப் பரிசோதனைப் பெட்டி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை.

இரண்டாவது, அழற்சிப் பாதை. ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அதை மோப்பம் பிடித்ததும் கிளர்ந்தெழுகின்றன. நோயுள்ள பெண்களின் மாதவிடாய் இரத்தத்தில் ஈ. கோலை கூடுதலாக இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010ல் எழுதினார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் சுவையானது. நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் திசுக்கட்டிகள் சிறுத்தன. அதே எலிகளுக்கு, நோயுள்ள வேறு எலிகளின் மலத்தை ஊட்டியதும் கட்டிகள் மீண்டும் வளர்ந்தன. இது 2019ல். அதே குழு 2021ல் பியூட்டிரேட் கொடுத்தால் கட்டிகளின் வளர்ச்சி மட்டுப்படுவதையும் எலிகளில் காட்டியது.

மூன்றாவது கண்டுபிடிப்பு 2023ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதுதான் செய்தித்தாள்களில் தலைப்பானது. நோயுள்ள 79 பெண்கள், நோயில்லாத 76 பெண்கள் ஆகியோரின் கருப்பைப் படலத்தைச் சோதித்தார்கள். வாயில் ஈறு நோயோடு தொடர்புடைய ஃபியூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர், நோயுள்ளவர்களில் 64 விழுக்காட்டினரிடம் இருந்தது. மற்றவர்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே இருந்தது. அது படலத்திலுள்ள சில செல்களைத் தூண்டி, ஒட்டிக்கொள்ளும், பரவும் இயல்புள்ளவையாக மாற்றுகிறது என்பது அவர்களின் விளக்கம். இதிலும் ஆன்டிபயாட்டிக் எலிகளுக்கு உதவியது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தேடக்கூடாது. எலி மனிதர் அல்ல. எலிகளுக்கு மாதவிடாயும் இல்லை; ஆய்வகத்தில்தான் இந்த நோயை அவற்றுக்கு உண்டாக்குகிறார்கள். பொதுப்படையாக ஆன்டிபயாட்டிக் தின்றால் பியூட்டிரேட் தயாரிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்தே சாகும்.

மனிதர்களிடம் பார்த்தபோது

எலிகள் தந்த உற்சாகம் மனிதர்களிடம் வந்ததும் கொஞ்சம் அடங்குகிறது. சுவீடனில் நோயுள்ள 66 பெண்களையும் நோயில்லாத 198 பெண்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, 2021ல், குடல் நுண்ணுயிர்களில் வேறுபாடு இருப்பதாகச் சொன்னது. 2024ல் எஸ்டோனியாவில் ஆயிரம் பெண்களின் குடல் நுண்ணுயிர் மரபணுக்களை அலசினார்கள். அவர்களில் 136 பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை. என்னைக் கேட்டால் பெரிய ஆய்வுக்கே கூடுதல் எடை கொடுப்பேன். பத்துப் பதினைந்து பேரை மட்டும் சோதித்துவிட்டு ‘எண்டோமெட்ரியோசிஸ் பாக்டீரியா’ என்று ஒன்றை அறிவிக்கும் கட்டுரைகள் நிறைய. ஒன்று சொல்லும் பெயரை மற்றொன்று சொல்வதில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயுள்ளவர்கள் வலி மாத்திரையும் ஹார்மோன் மாத்திரையும் எடுக்கிறார்கள். வயிற்று உப்புசத்துக்குப் பயந்து சாப்பாட்டை மாற்றுகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது ஆன்டிபயாட்டிக் பெறுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் குடல் நுண்ணுயிர்களை மாற்றக்கூடியவை. ஆகவே மாறிய நுண்ணுயிர்கள் நோயைக் கொண்டுவந்தனவா, நோய் நுண்ணுயிர்களை மாற்றியதா என்பதை ஒருமுறை எடுத்த மல மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது.

இடமும் ஒரு காரணம். சிங்கப்பூர் மரபணுக் கழகம் இங்குள்ள சீன, மலாய், இந்தியர் 109 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2022ல் வெளியிட்டது. அதில் அதுவரை பதிவாகாத 70 நுண்ணுயிர் இனங்கள் கிடைத்தன. சுவீடனிலோ எஸ்டோனியாவிலோ வரைந்த படத்தை அப்படியே ஈசூனில் இருக்கும் ஒருவர்மேல் ஒட்ட முடியாது.

பிறப்புறுப்பின் நுண்ணுயிர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடலில் பலவகை இருப்பது நல்லது. இங்கே அதற்கு நேர்மாறாக, லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே வகை ஆட்சி செய்வது பலருக்கு நல்ல அறிகுறி. அது லாக்டிக் அமிலம் சுரந்து, பிஎச் அளவை 4.5க்குக் கீழே வைத்துக் கிருமிகளைத் தடுக்கிறது. ஆயினும் 2011ல் வட அமெரிக்காவில் 396 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் லாக்டோபேசில்லஸ் ஆட்சி இல்லை. அவர்கள் அறிகுறி ஏதுமில்லாத பெண்கள்தாம். எனவே இதிலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதும், வாசனைத் திரவங்களைப் பயன்படுத்துவதும் இந்த நல்ல கூட்டத்தைக் கலைக்கும் என்பதில் மட்டும் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் லாக்டோபேசில்லஸும் குறைகிறது. அந்த வயதில் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில்

நார்ச்சத்து பியூட்டிரேட்டைத் தரும், பியூட்டிரேட் அழற்சியைக் குறைக்கும் என்றால், பருப்பும் கீரையும் கொண்டைக்கடலையும் சாப்பிட வேண்டியதுதானே? அங்குதான் ஒரு சிக்கல். வெங்காயம், பூண்டு, பருப்பு, பயறு வகைகளில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயுவாக மாறுகின்றன. குடல் நரம்புகள் ஏற்கெனவே கூர்மையாகிவிட்ட எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிக்கு அந்த உப்புசமே வலி. இத்தகைய சர்க்கரைகளைக் கொஞ்ச காலம் குறைத்துப் பார்க்கும் முறைக்கு குறைந்த ஃபோட்மேப் உணவுமுறை என்று பெயர். உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களிடம் அவர்கள் நடத்திய சோதனை 2025ல் வெளியானது. இந்த உணவை உண்டபோது 60 விழுக்காட்டினருக்குக் குடல் அறிகுறிகள் குறைந்தன. ஒப்பீட்டு உணவை உண்டபோது 26 விழுக்காட்டினருக்கே குறைந்தன. சிறிய சோதனைதான். என்றாலும் புரோபயாட்டிக் புட்டிகள் காட்டும் சான்றைவிட இது திடமானது. கவனிக்க: குறைந்தவை குடல் அறிகுறிகள். திசுக்கட்டிகள் கரைந்துவிடவில்லை.

வெங்காயமும் பூண்டும் இல்லாத சாம்பாரா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பெருங்காயம் இந்த உணவுமுறையில் அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டு உணவியல் நிபுணர்கள் அதை இப்போதுதான் கண்டுபிடித்து வியக்கிறார்கள். தேக்காவில் கிடைக்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பருப்பையும் கடலையையும் இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். இந்த முறை சில வாரங்களுக்கு மட்டுமே. பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நல்ல பாக்டீரியாக்கள்தாம் பட்டினி கிடக்கும். உணவியல் நிபுணரின் துணையோடு செய்வது நல்லது.

உப்புசத் தொல்லை இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. சுண்டல், கச்சாங் பூத்தே, தெம்பே, முருங்கைக்கீரை என்று நார்ச்சத்தைப் பல திசைகளிலிருந்தும் கொண்டுவரலாம். உணவங்காடி நிலையத்தில் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம். பிராட்டாவில் நார்ச்சத்தைத் தேட முடியாது. கலவைச் சோற்றுக் கடையில் இரண்டு காய்கறி கேட்டு வாங்குவது எளிதான வழி.

புளித்த உணவுகளில் தயிரும் மோரும் உயிருள்ள பாக்டீரியாக்களைக் கொண்டுசேர்க்கும். தோசை மாவிலும் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் தோசைக்கல்லில் செத்துப்போகின்றன. தோசை பிடித்தால் தோசைக்காகவே சாப்பிடுங்கள்.

புட்டிகளுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இவை துணை உணவுப் பொருள்கள் என்ற வகையில் விற்கப்படுகின்றன. விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று அட்டையில் எழுதவும் கூடாது. ‘பெண்கள் நலனுக்கு’, ‘சமநிலைக்கு’ என்று பட்டும் படாமலும் எழுதியிருப்பதன் காரணம் அதுதான். ஆரோக்கியமான ஒருவர் வாங்கிக் குடித்தால் பெரும்பாலும் தீங்கில்லை. நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, வலிக்கு நாள்தோறும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதிவாருங்கள். மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளில் எண்கள் இறங்கவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

பலதுறை மருந்தகத்தில் என்ன கேட்பது?

வலி மாத்திரை போட்டும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத மாதவிடாய் வலி, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் அடிவயிற்று வலி, உடலுறவின்போது வலி, மாதவிடாய் நாள்களில் மலமோ சிறுநீரோ கழிக்கும்போது வலி, ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை தேவை. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைகளின் மகளிர் நலப் பிரிவுக்குப் போனால் மானியக் கட்டணம் பெறலாம். சிகிச்சை பெரும்பாலும் வலி நிவாரணி, ஹார்மோன் மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் என்று தொடங்கும், தேவைப்பட்டால் லேப்ரோஸ்கோபி என்ற சிறுதுளை அறுவைச் சிகிச்சை. உணவு மாற்றம், புரோபயாட்டிக் எதையாவது முயன்றுகொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டு அவற்றுக்கு மாறிவிடாதீர்கள்.

வலிக் குறிப்பேட்டை உடன் கொண்டுபோங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை மதிப்பெண், குடல் எப்படி இருந்தது என்று நான்கு பத்தி உள்ள ஓர் அட்டவணை போதும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சாக்லேட் கட்டியை நன்றாகக் காட்டும். சவ்வின் மேல் மெல்லிதாகப் படர்ந்திருப்பதைப் பல சமயம் காட்டாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கோப்பை மூடப் பார்த்தால், அந்தக் குறிப்பேட்டை மேசையில் வைத்து, இந்த வலிக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள்.